எந்தக் கருவிக்கு நாம் தூங்குவது தெரியும்? தூக்கப் பரிசோதனைகள் குறித்த ஒரு மதிப்புரை

தூக்கக் கோளாறுகளைக் கண்டறிய இன்று கிடைக்கும் பரிசோதனைகளை மதிப்பிட ஒரே ஒரு கேள்வியைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். படுத்திருப்பவர் தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறாரா என்பது அந்தக் கருவிக்கு எப்படித் தெரிகிறது? வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சிறு கருவி, மணிக்கட்டில் கட்டும் கடிகாரம், ஆய்வகத்தில் ஓரிரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனை, பகல் தூக்கப் பரிசோதனை, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. ஆகிய ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடை தருகின்றன. குறட்டையும் பகல் அசதியும் காரணமாக முதல் மூன்றையும் நானே பயன்படுத்திப் பார்த்தேன். மற்ற இரண்டையும் குடும்பத்தில் ஒருவருக்குத் துணையாகச் சென்று அருகிலிருந்து கவனித்தேன்.

வீட்டுப் பரிசோதனையிலிருந்து தொடங்குகிறேன். மூக்கின் கீழ் செருகும் மெல்லிய குழாய், மார்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆகிய மூன்றுமே பெரும்பாலான வீட்டுக் கருவிகளின் அடிப்படை உறுப்புகள். குழாய் மூச்சின் அழுத்த மாற்றத்தையும், பெல்ட் மார்பு விரிந்து சுருங்குவதையும், விரல் கருவி சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் ரத்தத்தில் உறிஞ்சப்படும் விகிதத்திலிருந்து ஆக்சிஜன் அளவையும் பதிவு செய்கின்றன. எனக்கு வந்த கருவியின் செய்முறை விளக்கம் தெளிவாக இருந்தது. படங்களைப் பார்த்தே யாரும் தாமாக மாட்டிக்கொள்ளலாம். தம் படுக்கையில், தம் தலையணையில், வழக்கமான நேரத்தில் படுக்க முடிவது இதன் பெரிய வசதி. மிதமான அல்லது தீவிரமான மூச்சுத் தடை இருப்பதாக மருத்துவர் வலுவாகச் சந்தேகிக்கும், வேறு பெரிய நோய்கள் இல்லாத ஒருவருக்கு இது போதுமானது என்றே சொல்வேன்.

ஆனால் நான் தூங்கினேனா என்பது இந்தக் கருவிக்குத் தெரியாது. மூளையின் அலைகளையோ கண் அசைவையோ அது பதிவு செய்வதில்லை. ஆகவே மூச்சு தடைப்பட்ட எண்ணிக்கையைத் தூங்கிய நேரத்தால் வகுக்காமல், பதிவு ஓடிய நேரத்தால் வகுக்கிறது. ஒருவர் ஏழு மணி நேரம் கருவியை மாட்டியிருந்து ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கியிருக்கிறார், அதற்குள் 80 முறை மூச்சு தடைப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கருவியின் கணக்கில் அது மணிக்குச் சுமார் 11. உண்மையான தூக்க நேரத்தின்படி 16. மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30-க்கு மேல் தீவிரமானது என்பதே பெரியவர்களுக்கு வழக்கத்திலுள்ள பகுப்பு என்பதால், புரண்டு படுத்துத் தூக்கம் வராமல் கழித்த இரண்டு மணி நேரம் ஒருவரின் நோயை ஒரு படி குறைத்துக் காட்டிவிடுகிறது. ஆக்சிஜன் அதிகம் குறையாமல், மூளை ஒரு கணம் விழித்துக்கொள்வதோடு முடிந்துவிடும் தடைகளும் இதில் விடுபட்டுப்போகின்றன. அறிகுறிகள் பலமாக இருந்தும் வீட்டுப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால், அதை ஏற்றுக்கொண்டு நிம்மதி அடைவதற்குப் பதிலாக ஆய்வகப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். குறிப்பிடத்தக்க இதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம், தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கும், ஓபியாய்டு வகை வலி மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கும் முதலிலேயே ஆய்வகம்தான் பொருத்தம். விரல் நுனி ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதை வைத்துத் தூக்கத்தைக் கணிக்கும் வேறு வகை வீட்டுக் கருவிகளும் உண்டு. அவை இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன என்றாலும், அதுவும் கணிப்புத்தான்.

கைக்கடிகாரங்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அசைவையும் இதயத் துடிப்பையும் வைத்து அவை தூக்கத்தை ஊகிக்கின்றன. அசையாமல் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரையும் தூங்குபவராகவே எண்ணிவிடுவது அவற்றின் பொதுவான பலவீனம். ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று காலையில் திரையில் தெரியும் எண்ணை நோயறிதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே அசைவுத் தத்துவத்தில் இயங்கும் மருத்துவ வகைக் கருவி ஒன்றும் இருக்கிறது. அதை ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை தொடர்ந்து கட்டியிருந்து, கூடவே படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் கைப்பட எழுதிவந்தால், உடலின் நேரக் கணக்கு தள்ளிப்போயிருப்பதைக் கண்டறிய உதவும். தூக்கமே வருவதில்லை என்பதை மட்டும் முறையிடுபவர்களுக்கும் அந்த எழுத்துக் குறிப்புத்தான் முதல் பரிசோதனை. தூக்கமின்மையை நோயாளியின் சொல்லிலிருந்தே மருத்துவர்கள் கண்டறிகிறார்கள். வேறு கோளாறு ஒளிந்திருப்பதாகச் சந்தேகம் எழாதவரை ஆய்வகத்தில் ஓரிரவு கழிப்பது அவர்களுக்குத் தேவையில்லை.

இனி ஆய்வகப் பரிசோதனை. பாலிசோம்னோகிராபி என்ற நீண்ட பெயரை ஒதுக்கிவிட்டு எல்லோரும் ஸ்லீப் ஸ்டடி என்றே இதைச் சொல்கிறார்கள். தலைக்குக் குளித்து, எண்ணெய் எதுவும் தடவாமல் வரவேண்டும். மதியத்துக்குப் பிறகு காபி கூடாது. பகலில் தூங்கக் கூடாது. எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுவர வேண்டும். இவ்வளவும் முன்கூட்டியே எழுத்தில் வந்தது பாராட்டத்தக்கது. அறை ஆய்வகம் போலத் தோன்றவில்லை. படுக்கையின் எதிரே சுவரில் இருந்த அகச்சிவப்புக் கேமராவும், தலைமாட்டில் இருந்த ஒலிபெருக்கியும் மட்டுமே இது வேறு இடம் என்பதை நினைவூட்டின.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் தரத்தைத் தீர்மானிப்பது கம்பிகளைப் பொருத்தும் அந்த ஒரு மணி நேரம்தான். டெக்னீசியன் நாடாவால் என் தலையை அளந்து, மூக்கின் மேல்முனைக்கும் பின்மண்டையின் மேட்டுக்கும் இடையிலான தூரத்தைப் பத்து, இருபது விழுக்காடுகளாகப் பிரித்துப் பென்சிலால் குறியிட்டார். 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட இந்த அளவுமுறையின் பயன் என்னவென்றால், தலை சிறிதோ பெரிதோ, எந்த ஊரில் எவர் பொருத்தினாலும் மின்முனை மூளையின் ஏறத்தாழ அதே பகுதிக்கு மேலேயே அமர்கிறது. குறியிட்ட இடங்களைச் சொரசொரப்பான பசையால் தேய்த்துச் சுத்தம் செய்து, கிண்ண வடிவிலான மின்முனைகளில் கடத்தும் பசையை நிரப்பி ஒட்டினார். பிறகு ஒவ்வொன்றின் மின்மறுப்பையும் திரையில் பார்த்து, 5 கிலோ ஓமுக்கு மேல் காட்டியவற்றை எடுத்துவிட்டு மறுபடி பொருத்தினார். மூளையிலிருந்து தலைத்தோலுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள் மட்டுமே. தோலில் எண்ணெயோ இறந்த செல்களோ இருந்தால் அந்த மெல்லிய சைகை இரைச்சலில் மூழ்கிவிடும். இந்த வேலையை அவசரமாக முடிக்கும் இடத்தில் மற்ற எல்லா வசதிகளும் இருந்து பயனில்லை.

தலையோடு வேலை முடிவதில்லை. இரு கண்களின் ஓரங்களிலும், தாடையிலும், இரு கால்களின் முன்தசைகளிலும், மார்பிலும் மின்முனைகள், மார்பையும் வயிற்றையும் சுற்றித் தனித்தனிப் பெல்ட்டுகள், விரலில் ஆக்சிமீட்டர், கழுத்தருகே குறட்டை ஒலிவாங்கி. மூக்கின் கீழ் மட்டும் இரண்டு உணரிகள் எதற்கு என்று கேட்டேன். மூச்சு முற்றிலும் நின்றதா என்பதை வெப்பத்தை உணரும் கம்பியும், மூச்சு குறைந்ததா என்பதை அழுத்தத்தை உணரும் குழாயும் நன்றாகக் காட்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இரண்டு பெல்ட்டுகளுக்கும் அதைப் போலவே காரணம் உண்டு. மூச்சு நிற்கும்போது மார்பும் வயிறும் விடாமல் முயன்றுகொண்டிருந்தால் தொண்டையில் அடைப்பு என்று பொருள். இரண்டும் அசையாமல் கிடந்தால் மூளையிலிருந்து கட்டளையே வரவில்லை என்று பொருள். இவை இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

விளக்கை அணைத்ததும் ஒலிபெருக்கி வழியாக ஒரு சிறு பயிற்சி நடந்தது. "கண்ணை மூடாமல் நேராகப் பாருங்கள், இப்போது மூடுங்கள், இடமும் வலமும் பாருங்கள், பல்லைக் கடியுங்கள், பாதத்தை அசையுங்கள், மூச்சைப் பிடியுங்கள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு கம்பியும் சரியான சைகையைத் தருகிறதா என்று சரிபார்த்துக்கொண்டார்கள். இத்தனை கம்பிகளோடு கழிவறைக்குப் போவது எப்படி என்ற கவலை எனக்கு இருந்தது. எல்லாம் ஒரு சிறு பெட்டியில் வந்து சேர்வதால், அதை மட்டும் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்து போய் வரலாம்.

அங்கே நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. யாரும் அப்படிச் சொல்வதும் அரிது. புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் குலைவது ஆய்வாளர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த ஒன்று. 2016-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அப்படிப்பட்ட முதல் இரவில் மூளையின் இடப்பாதி வலப்பாதியைப் போல ஆழ்ந்து தூங்காமல் ஓரளவு விழிப்பாகவே இருப்பது தெரியவந்தது. ஆனாலும் மூச்சுத் தடையைக் கண்டறிய இப்படிக் குலைந்த ஒரே இரவு பெரும்பாலும் போதுமானது. எவ்வளவு தூங்கினீர்கள் என்பதைவிட, தூங்கியபோது என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எண்ணுகிறார்கள்.

என் கேள்விக்கு முழுமையான விடை கிடைத்ததும் இங்கேதான். மனிதத் தலைத்தோலிலிருந்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ததை ஹான்ஸ் பெர்கர் 1929-இல் ஜெர்மனியில் வெளியிட்டார். கண்ணை மூடி விழித்திருக்கும்போது பின்மண்டையில் தெளிவாகத் தெரியும், நொடிக்கு 8 முதல் 13 வரையிலான ஆல்ஃபா அலை அவர் கண்டதுதான். அந்த அலை கரைந்து, அதைவிட மெதுவான அலைகள் தோன்றி, கண்கள் ஊசலைப் போல மெல்ல உருளத் தொடங்குவது முதல் நிலைத் தூக்கம். நொடிக்கு 11 முதல் 16 வரை துடிக்கும் சிறு கதிர் அலைகளும், திடீரென்று எழுந்து விழும் பெரிய கே காம்ப்ளெக்ஸ் அலைகளும் இரண்டாம் நிலையின் அடையாளங்கள். மிக மெதுவான, உயரமான அலைகள் 30 நொடிப் பதிவு ஒன்றின் ஐந்தில் ஒரு பங்கையாவது நிறைத்தால் அது ஆழ்ந்த தூக்கம். கனவுகள் மிகுந்த ரெம் தூக்கத்தில்தான் சிக்கல். அப்போது மூளையின் அலைகள் விழித்திருப்பவரின் அலைகளைப் போலவே இருக்கும். கண்கள் விரைந்து ஓடுவதும் தாடைத் தசையின் விறைப்பு அற்றுப்போவதும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இந்த விரைவுக் கண் அசைவைப் பற்றி எழுதியிராவிட்டால் கண்ணோரத்தில் மின்முனை ஒட்டும் வழக்கமே வந்திருக்காது. தாடைக் கம்பிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கனவில் அடிப்பது, உதைப்பது, கத்துவது என்று வருபவர்களுக்கு ரெம் தூக்கத்திலும் தசை விறைப்பு அடங்காமல் இருப்பதை அதுதான் நிரூபிக்கும். வீட்டுக் கருவியால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தப் பதிவை 30 நொடிகள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் இன்ன நிலை என்று ஒருவர் குறிக்கிறார். எட்டு மணி நேரப் பதிவு என்றால் 960 பக்கங்கள். மென்பொருள் முதல் வரைவைத் தந்தாலும் பயிற்சி பெற்ற ஒருவர் அனைத்தையும் பார்த்துத் திருத்த வேண்டும். பயிற்சி பெற்றவர்களே கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பக்கத்தில் தமக்குள் வேறுபடுகிறார்கள். முதல் நிலைத் தூக்கத்தில் அந்த வேறுபாடு மிக அதிகம். ஆகவே அறிக்கையில் முதல் நிலைத் தூக்கம் சில விழுக்காடு கூடவோ குறையவோ இருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

நான் போன மையத்தின் மீது எனக்குள்ள குறை அறிக்கையைப் பற்றியது. இரவுப் பணியாளர்கள் அத்தனை கவனமாகச் சேகரித்ததை, முதல் பக்கத்தில் ஒரே எண்ணாகச் சுருக்கி, அதன் கீழே எவருக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்களை ஒட்டித் தந்திருந்தார்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதைச் சொல்லும், ஏ.எச்.ஐ. எனப்படும் அந்த எண் முக்கியமானதுதான். ஆனால் அது எந்த விதிப்படி கணக்கிடப்பட்டது என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். மூச்சு குறைந்த நிகழ்வை எண்ணுவதற்கு ஆக்சிஜன் 4 விழுக்காடு குறைய வேண்டும் என்ற விதியும், 3 விழுக்காடு குறைந்தாலோ மூளை கணநேரம் விழித்தாலோ போதும் என்ற விதியும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே இரவின் பதிவு இந்த இரண்டு விதிகளின்படி இரண்டு வேறு எண்களைத் தரும். மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, ரெம் தூக்கத்தில் எவ்வளவு என்ற பிரிப்பும் தேவை. பலருக்கு இந்த இரண்டு நேரங்களில்தான் மூச்சுத் தடை மிகும் என்பதால், இரவு முழுவதும் ஒருக்களித்தே படுத்தவருக்கு வந்த குறைந்த எண் முழு உண்மையைச் சொல்லாது. ஆக்சிஜன் 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த மொத்த நேரமும், இரவு முழுவதும் தூக்க நிலைகள் மாறியதைக் காட்டும் வரைபடமும் நான் கேட்ட பிறகுதான் வந்தன. கேட்டதும் முகம் கோணாமல் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முன்பதிவின்போது கேட்டுத் தெளிய வேண்டிய இன்னொன்று உண்டு. முதல் பாதி இரவிலேயே மூச்சுத் தடை கடுமையாகத் தெரிந்தால், மீதி இரவில், மூச்சுப்பாதை அடைபடாமல் காக்கும் காற்றழுத்த முகமூடியைப் பொருத்தித் தேவையான அழுத்தத்தைக் கணிக்கும் ஏற்பாடு பல மையங்களில் நடைமுறையில் இருக்கிறது. இன்னோர் இரவு வர வேண்டியதில்லை என்பது இதன் லாபம். ஆனால் முகமூடியை விழித்திருக்கும்போதே ஒருமுறை மாட்டிப் பழக்காமல், நள்ளிரவில் எழுப்பி மாட்டினால் மிரண்டுபோகிறவர்கள் அதிகம். நான் போன இடத்தில் மாலையிலேயே மாட்டிக் காட்டினார்கள்; அது நல்ல வழக்கம்.

பகல் தூக்கப் பரிசோதனை வேறு கேள்விக்கானது. இரவில் போதுமான அளவு தூங்கியும் பகலில் கட்டுப்படுத்த முடியாமல் தூங்கிவிழுபவருக்கு, தூக்கத்தையும் விழிப்பையும் மூளையால் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நார்கோலெப்சி நோய் இருக்கிறதா என்று பார்ப்பதே இதன் நோக்கம். இரவுப் பரிசோதனை முடிந்த மறுநாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து முறை படுக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தூங்குவதற்கு 20 நிமிட வாய்ப்பு. சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கிவிடுவதோடு, குறைந்தது இரண்டு முறை பதினைந்து நிமிடத்துக்குள் ரெம் தூக்கத்துக்குப் போய்விட்டால் நார்கோலெப்சிக்கு அது வலுவான சான்று. முந்தைய இரவின் தொடக்கத்திலேயே ரெம் வந்திருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். விதிகள் தெளிவானவை, அவற்றைக் காப்பாற்றுவதுதான் கடினம். முந்தைய இரவு ஆறு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும்; அதற்கு முந்தைய வாரங்களிலும் தூக்கம் குறையாமல் இருக்க வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்துகளில் பல ரெம் தூக்கத்தை அடக்கிவிடும் என்பதால் அவற்றை எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும். நோயாளி தாமாக நிறுத்துவது ஆபத்து. ஒரு முறை படுப்பதற்கும் அடுத்த முறைக்கும் இடையிலான இடைவேளைகளில் நோயாளி விழித்திருப்பதை உறுதிசெய்ய ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நாங்கள் போன இடத்தில் அந்தப் பொறுப்பு ஏறத்தாழ முழுவதும் துணைக்கு வந்த என் தலையில் விழுந்தது. இடையில் தெரியாமல் போடும் ஒரு குட்டித்தூக்கம் அடுத்த அளவீட்டையே கெடுத்துவிடும் என்ற நிலையில், இது சிறிய குறை அல்ல.

இ.இ.ஜி.யையும் ஸ்லீப் ஸ்டடியையும் ஒன்றென்று நினைத்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செய்துகொண்டு வருபவர்களைக் காத்திருப்பு அறையிலேயே பார்த்தேன். இரண்டிலும் தலையில் கம்பி ஒட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வழக்கமான இ.இ.ஜி. இருபது முப்பது நிமிடங்களில் முடிந்துவிடுவது. தலை முழுவதும் இருபதுக்கு நெருக்கமான மின்முனைகளைப் பரப்பி, வலிப்புக்கு அடையாளமான கூர்முனை அலைகள் எங்கிருந்து எழுகின்றன என்று தேடுவது. மூச்சோட்டத்தையோ ஆக்சிஜனையோ அது பார்ப்பதில்லை. ஆகவே குறட்டைக்கும் பகல் அசதிக்கும் அதில் விடை தேடக் கூடாது. மூன்று நிமிடங்கள் வேகமாக மூச்சுவிடச் சொல்வதும், கண்ணெதிரே ஒளியை மின்ன வைப்பதும், மறைந்திருக்கும் அந்த அலைகளைத் தூண்டி வெளிக்கொணர்வதற்காக. முந்தைய இரவு குறைவாகத் தூங்கி வரச் சொல்வதற்கும் அதுவே காரணம். தூக்கக் குறைவும், பதிவின்போது வரும் தூக்கமும் அவ்வலைகளை வெளிப்படுத்தும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

எங்களுக்கு இந்தச் சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்குத் தொடங்கினார்கள், வலியில்லை, அறிக்கையும் விரைவில் வந்தது. ஆனால் இயல்பாக இருக்கிறது என்ற அந்த ஒரு வரியை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வலிப்பு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. இயல்பாகவே வரக்கூடும், வலிப்பே வராத சிலருக்கும் கூர்முனை அலைகள் தென்படுவதுண்டு. நடந்ததைப் பார்த்தவர் சொல்லும் விவரமும், முடிந்தால் கைப்பேசியில் எடுத்த காட்சியும் நரம்பியல் மருத்துவருக்கு இன்னொரு இருபது நிமிடப் பதிவைவிட அதிகம் பயன்படும்.

இரவில் மட்டும் நிகழ்வதும், வலிப்பா தூக்கக் கோளாறா என்று பிரித்தறிய முடியாததுமான அசைவுகளுக்கு, முழு இ.இ.ஜி. மின்முனைகளையும் வீடியோவையும் சேர்த்தே ஓரிரவு ஸ்லீப் ஸ்டடி செய்ய முடியும். அது வேண்டுமென்றால் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டிலும் முன்பதிவிலும் தனியாகக் குறிப்பிட வேண்டும். வழக்கமான பரிசோதனைக்குப் பதிவு செய்துவிட்டு அன்று மாலை கேட்டால், கூடுதல் கம்பிகளைப் பொருத்த டெக்னீசியனுக்கு நேரமும் இருக்காது, அந்தப் பதிவைப் படிக்க வேண்டிய நரம்பியல் மருத்துவருக்கு முன்தகவலும் போயிருக்காது.